சாரலுக்கு ஒரு எதிரி, காற்றுக்கு ஒரு எதிரி

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் போனால் குற்றாலம். பேரருவியில் கூட்டம் நெரியும். ஐந்தருவிப் பக்கத்து வீடுகளில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அதே நாளில் தென்காசியிலிருந்து கிழக்கே, பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வரை போய்ப் பாருங்கள். தலைக்கு மேல் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், சொட்டு விழாது. காற்று புழுதியை வாரி முகத்தில் இறைக்கும். காற்றாலைகள் ஓயாமல் சுற்றும்.

முக்கால் மணி நேரப் பயணத்தில் இரண்டு பருவநிலைகள். காரணம் மலை. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, மழையைக் கேரளத்திலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதி ஈரம் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் முகடுகளைத் தாண்டியும் வந்து குற்றாலத்தில் சாரலாகிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கும் காற்று, இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடாகிறது. சூடான காற்றில் மேகம் கரைந்துபோகும், மழை பெய்யாது.

இப்போது ஒரே பொட்டலத்துக் கேந்தி விதையை இரண்டு வீடுகளில் விதைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீடு குற்றாலத்தில், இன்னொன்று ஆலங்குளத்தில். ஆடி பிறந்ததும் இரண்டு வீட்டுச் செடியும் சீக்கில் விழுகின்றன. குற்றாலத்துச் செடியில் இலை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகிறது, அடி இலைகளில் கரும்புள்ளி, விரிந்த பூவில் அழுகல். ஆலங்குளத்துச் செடியில் இலை குறையவில்லை, ஆனால் பச்சை வெளிறி, நுனியில் நூலாம்படை மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களும் மருந்துக் கடைக்குப் போய், “செடியில பூச்சி விழுந்திருக்கு, ஏதாவது மருந்து குடுங்க” என்று ஒரே மாதிரி கேட்டு, ஒரே டப்பாவோடு திரும்பினால் என்ன ஆகும்? ஒருவருக்குப் பயன் இருக்காது. இன்னொருவருக்கு நோய் கூடும்.

அது ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

காவல்காரன் என்ற பெயர்

செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்லப்படும் கேந்தி, நம் கோயில் மாலைகளில் எவ்வளவு பழகிப்போனாலும், பிறந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். கல்லறைத் திருநாளில் இறந்தவர்களை வரவேற்க மெக்சிகோ மக்கள் இன்றும் இந்தப் பூவைத்தான் வழிநெடுகத் தூவுகிறார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியாவுக்கு வந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. இன்று ஓணம் நெருங்கினால் தென்காசிப் பக்கத்துப் பூ புளியரை வழியாக மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறுகிறது.

இந்தச் செடிக்கு ஒரு பெயர் உண்டு: தோட்டத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் காவல்காரன். நாலு வரி காய்கறிக்கு ஒரு வரி கேந்தி நட்டால் பூச்சி அண்டாது என்று சொல்லாதவர் இல்லை. இதில் எவ்வளவு உண்மை?

மண்ணுக்குள்ளே உண்மை இருக்கிறது. கத்தரி, தக்காளி வேர்களில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் நூற்புழுக்கள் கேந்தி வளர்ந்த மண்ணில் குறைகின்றன. நெதர்லாந்தில் 1958-இல் உலன்புரூக், பைலூ என்ற இருவர் கேந்தி வேரிலிருந்து அதற்கான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் ஆல்ஃபா டெர்தயினைல். ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணுவைக் கொண்ட மூன்று வளையங்கள் கோத்த சிறிய மூலக்கூறு. தூண்டப்பட்டதும் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை மூர்க்கமான வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த ஆக்சிஜன் நூற்புழுவின் உடலைத் தாக்குகிறது. ஆனால் இந்தப் பலன் கிடைக்க, கேந்தியை நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது வளர்த்து, பிறகு அதே இடத்தில் காய்கறி வைக்க வேண்டும். ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் நூற்புழு பயந்து ஓடாது.

மண்ணுக்கு மேலும் கொஞ்சம் உண்மை உண்டு. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குட்டைக் கேந்தி வெளியிடும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள் கண்ணாடிக்கூடத்துத் தக்காளியில் வெள்ளை ஈயைக் குறைத்தது. எலுமிச்சைத் தோலில் மணப்பதும் அதே பொருள்தான்.

இந்த இரண்டையும் தாண்டி, கேந்திக்கு எல்லாப் பூச்சியும் பயப்படும் என்பது வெறும் நம்பிக்கை. சொல்லப்போனால், பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரவச் செய்த முறையில் கேந்தி பலியாடாகவே நிற்கிறது. 16 வரி தக்காளிக்கு ஒரு வரி நெட்டைக் கேந்தி. தக்காளி நாற்றுக்கு வயது 25 நாள், கேந்தி நாற்றுக்கு 40 நாளுக்கு மேல். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதற்காக இந்த வயது வித்தியாசம். பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குக் கேந்திப் பூ தக்காளியைவிடப் பிடிக்கும், ஆகவே முட்டையை அங்கே கொண்டுபோய் இடும். தக்காளி தப்பிக்கும், கேந்தி சாகும். பூவுக்காகவே கேந்தி வளர்ப்பவர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: காவல்காரனுக்கும் காவல் வேண்டும்.

சாரல் பக்கம்

குற்றாலத்து எதிரி ராத்திரியில் வருகிறது. காலையில் டார்ச் அடிக்காமலே கண்டுபிடிக்கலாம்: காய்ந்த சளிக்கோடு வெயிலில் வெள்ளியாக மின்னும். நத்தையும், ஓடில்லாத அதன் உறவான இலை நத்தையும் கேந்தி நாற்றை விரும்பித் தின்னும். நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் அரம் மாதிரி வரிசையாக இருக்கின்றன. கடிப்பதில்லை, இலையை ராவி எடுக்கின்றன. அதனால்தான் புழு தின்ற இலையில் ஓரம் நறுக்கியது போலவும், நத்தை தின்ற இலையில் நடுவிலேயே ஒழுங்கற்ற ஓட்டையாகவும் தெரிகிறது.

இதில் பெரிய ஆள் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. இந்தியாவுக்கு அது தானாக வரவில்லை. நத்தைகளை ஆராய்ந்த வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847-இல் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தவை கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு முட்டை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் சந்திக்கும் எந்த இரண்டும் ஜோடி சேரலாம், இரண்டுமே முட்டையிடலாம். மழை நின்றுவிட்டால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். ஆலங்குளத்தில் ஆடி மாதம் நத்தையைக் காணாததற்குக் காரணம் அங்கே நத்தை இல்லாததல்ல, அது உறங்கிக்கொண்டிருப்பதுதான்.

நத்தைக்கு என்று நம் வீடுகளில் கைவசம் இருக்கும் வைத்தியங்களில் முட்டை ஓட்டுத்தூள் முக்கியமானது. பிரிட்டனின் அரசத் தோட்டக்கலைச் சங்கம் 2018-இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூரிய மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தது. எதுவும் செய்யாமல் விட்ட செடிகளுக்கும் இவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உப்பைத் தூவினால் நத்தை சாகும்தான், ஆனால் உப்பு மண்ணில் இறங்கிச் செடியையும் கெடுக்கும். சாம்பல் காய்ந்திருக்கும்வரை தடுக்கும், குற்றாலத்துச் சாரலில் அது அரை மணி நேரம் காய்ந்திருக்காது.

பலிக்கும் முறை பழையது. சாயங்காலம் நனைத்த சாக்கைப் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டுவையுங்கள். தின்றுவிட்டுப் பகலில் ஒளிய இடம் தேடும் நத்தைகள் அதற்கடியில் கூடும். காலையில் புரட்டிப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். வெறும் கையால் தொடக்கூடாது. எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவை ராட்சத நத்தை சுமக்கும். அது மனிதருக்குள் போனால் மூளை உறையில் அழற்சி வரும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ போதும்.

சாரலின் இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. நாற்றங்காலில் முளை வந்த நாலாம் நாள் தண்டு தண்ணீராகக் குழைந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணமான பித்தியத்தைக் காளான் என்று சொல்வது வழக்கம், ஆனால் உறவுமுறையில் அது கடல்பாசிகளுக்குத்தான் நெருக்கம். அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்துகள்களுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் நீந்தித்தான் வேரைத் தேடிவரும். தண்ணீர் தேங்காவிட்டால் நீந்த வழியில்லை. மேட்டுப்பாத்தியும் வடிகாலும் நாற்றழுகலுக்கு முதல் மருந்தாவது இதனால்தான். விதைக்குமுன் டிரைக்கோடெர்மா பூசுவது இரண்டாவது. அது நல்ல காளான், கெட்டதைச் சுற்றி வளைத்துத் தின்னும்.

வளர்ந்த செடியில் கரும்புள்ளியாக வருவது ஆல்டர்னேரியா. அதன் வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது, முளைக்க இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே கேள்வி மருந்து எது என்பதல்ல, இலை எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பது. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 35 சென்டிமீட்டர் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி காற்று புகுந்து இலையைக் காயவைக்கத்தான். குற்றாலத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டாலும் நஷ்டமில்லை. தரையைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். வாடிய பூவைச் செடியிலேயே விட்டால் சாரலில் அது அழுகிப் பக்கத்து மொட்டுக்கும் தொற்றும்.

காற்றுப் பக்கம்

ஆலங்குளத்து எதிரி பூச்சியே அல்ல. சிவப்புச் சிலந்திப் பேனுக்கு எட்டுக் கால். சிலந்தி, தேள் வகையறா. நீளம் அரை மில்லிமீட்டர். இலையின் அடிப்புறத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு செல்லாகக் குத்திப் பச்சையத்தை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற வெளிர்ப்புள்ளிகள் தெரியும். பெருகிய பிறகுதான் நூல் கட்டும். நூலைப் பார்த்த பிறகு வைத்தியம் தொடங்குகிறவர் தாமதமாக வந்தவர். முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும்: சந்தேகப்பட்ட இலையை அதன்மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது பேன்.

காற்றும் வெயிலும் இதற்கு ஏன் உகந்தவை? முதலாவது வேகம். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை வளர்ந்து தாயாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும், குளிர்ந்தால் அது இரட்டிப்பாகும். ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடும், அந்த முட்டைகளில் ஆண் பிறக்கும். ஆகவே ஒரு இலைக்கு ஒற்றைப் பெண் காற்றில் வந்து சேர்ந்தாலும் குடும்பம் உருவாகிவிடும். இரண்டாவது, மழை இல்லை. மழைத்துளி பேனை அடித்துக் கீழே தள்ளும், ஈரத்தில் வளரும் ஒருவகைக் காளான் அதைக் கொல்லும். மூன்றாவதுதான் சுவாரசியமானது. சிலந்திப் பேனைத் தின்றே வாழும் இன்னொரு பேன் இனம் உண்டு. அந்த இரைதின்னிகள் பலவற்றின் முட்டைகளுக்கு ஈரப்பதம் வேண்டும், வறண்ட காற்றில் பொரிக்காமலே சுருங்கிவிடும். ஆலங்குளத்து ஆடிக்காற்று பேனுக்குக் கேடு செய்வதில்லை, பேனின் எதிரிக்குத்தான் கேடு செய்கிறது. சாலையோரப் புழுதி இலையில் படிந்தால் இரைதின்னிகளின் வேட்டை இன்னும் மந்தமாகும்.

மருந்துக் கடை டப்பா இங்கேதான் வினையாகிறது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தைத் தெளித்தால் பொறிவண்டும் இரைதின்னிப் பேனும் முதலில் சாகும், சிலந்திப் பேன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எதிரி இல்லாத இலையில் அது முன்னைவிட வேகமாகப் பெருகும். 1940-களின் இறுதியில் ஆப்பிள் தோட்டங்களில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கியபோது உலகம் முதன்முதலில் இதைப் பெரிய அளவில் கண்டது: புழு குறைந்தது, அதுவரை யாரும் கவனிக்காத பேன் தோட்டத்தையே எடுத்துக்கொண்டது.

வீட்டுச் செடிக்கு முதல் மருந்து தண்ணீர். வாரம் இரண்டு முறை, காலை வேளையில், குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்புறம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். பேன், முட்டை, நூல், புழுதி நாலும் போகும். வெயிலுக்குள் இலை காய்ந்துவிடும். குற்றாலத்தில் இதே வேலையைச் செய்தால் கரும்புள்ளிக்கு நாமே விருந்து வைத்ததாகும். ஒரே தண்ணீர் காற்றுப் பக்கத்தில் மருந்து, சாரல் பக்கத்தில் நோய்.

தண்ணீருக்கு அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு மூன்று வாரம் கந்தகம் காட்டக்கூடாது, இரண்டும் சேர்ந்தாலும் இலை கருகும்.

இரு பக்கமும் வருபவை

மொட்டைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழு சாரல், காற்று பார்ப்பதில்லை. பருத்தி, துவரை, தக்காளி, சூரியகாந்தி என்று நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளில் வாழும் புழு இது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் பக்கத்தில் கேந்தி வைத்திருப்பவர்கள் மொட்டுகளைத் தினமும் பார்ப்பது நல்லது. வட்டத் துளையும் வாயிலில் ஈரமான எச்சமும் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. மொட்டோடு கிள்ளி எடுத்து அழிப்பதைவிடத் திறமான மருந்து நாலைந்து தொட்டிக்குத் தேவையில்லை. வயல்காரருக்கு இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. பெண் அந்தின் வாசனையைச் செயற்கையாக வைத்து ஆண்களைப் பிடிப்பது அது. எத்தனை விழுகிறது என்று எண்ணினால் முட்டை வரும் நாளை ஊகிக்கலாம்.

அசுவினி வந்திருப்பதை எறும்பு சொல்லும். தண்டில் எறும்பு வரிசை கட்டினால் நுனித்தளிரைப் பாருங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பொறிவண்டு என்றால் சிவப்பு முதுகில் கரும்புள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சு கருப்பாக, முள்முள்ளாக, முதலைக்குட்டி போல இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். ஒரு குஞ்சு வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

இயற்கை எதிரி என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பார்க்கலாம். 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி, ஈரோடு, திருப்பூர் என்று மல்பெரியையும் மரவள்ளியையும் பப்பாளியையும் வெள்ளையாக மூடிய பூச்சி. அடித்த மருந்துக்கெல்லாம் அசையவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வெளியிட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவிகளைக் காப்பாற்ற விவசாயிகள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மருந்தை நிறுத்துவது.

வேம்பு செய்யும் வேலை

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிர்கிறது. பேனும் புழுவும் பெருகும் காலத்தில் மருந்தும் வாசலிலேயே கிடக்கிறது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் எஸ். பிரதான் 1962-இல் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடாமல் விட்டதைக் காட்டினார். அதற்குக் காரணமான அசாடிராக்டின் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இந்தப் பொருள் இரண்டு வேலை செய்கிறது. தின்ன வந்ததைத் தின்னவிடாமல் செய்கிறது. தின்றுவிட்டால், புழு தோலுரித்து வளரத் தேவையான சுரப்பைக் குழப்புகிறது. அடித்த மறுநாள் புழு அப்படியே இருக்கிறதே, வேம்பு பலிக்கவில்லை என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். புழு உடனே சாகாது. தின்பது குறைந்து, அடுத்த தோலுரிப்பில் மாட்டிக்கொண்டு சாகும். வெயிலில் அசாடிராக்டின் சில நாட்களில் சிதைந்துவிடும், ஆகவே சாயங்காலம் தெளிப்பதும் வாரம் ஒருமுறை திரும்பத் தெளிப்பதும் அவசியம். அந்த நேரத்தில் தேனீயும் கூடு திரும்பியிருக்கும்.

50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும். பருப்பு இல்லாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், முதலில் சோப்போடு கலக்கிப் பிறகு தண்ணீர். முதல் முறை ஒரு கிளைக்கு மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். குற்றாலத்தில் சாரல் விடாத நாளில் தெளிப்பது வீண், அடித்தது ஓடையில் போகும்.

எல்லை நகரும்

சாரல் பக்கம், காற்றுப் பக்கம் என்று பிரித்தாலும் இந்தக் கோடு வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் ஆலங்குளமும் சுரண்டையும் நனையும். உறங்கிய நத்தை எழும், கரும்புள்ளி கிழக்கே வரும். மாசிக்குப் பிறகு குற்றால அருவிகள் வற்றிப் பாறை தெரியும்போது சிலந்திப் பேன் மேற்கே ஏறும். ஊரைப் பார்த்து வைத்தியம் செய்யாதீர்கள், அன்றைய இலையைப் பாருங்கள்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். கடந்த ஒரு வாரம் இலை நனைந்தே இருந்ததா, காய்ந்தே இருந்ததா? சேதம் இலையின் நடுவிலா, ஓரத்திலா, அடிப்புறத்திலா? அந்தச் செடியில் தின்பவர்களைத் தின்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பெரும்பாலான நாட்களில் சாக்கு, வாளி, குழாய்த் தண்ணீர், வேப்பம்பருப்பு இவற்றுக்குள் வேலை முடிந்துவிடும். பதில் தெரியாவிட்டால், கெட்ட இலையை ஒரு பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள். அங்கே பார்த்துச் சொன்ன பிறகு கடைக்குப் போங்கள். எதிரியின் பெயர் தெரியாமல் மருந்து வாங்காதீர்கள்.